சும்மா கிடக்கத் தெரியாத பிணம்

எங்கள் ஊரில் இந்தாலோவைப் போல அழகாகச் செத்தவன் வேறு எவனும் கிடையாது. செத்த பிறகு அவனைப் போலத் தொல்லை கொடுத்தவனும் கிடையாது. இதைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. தபெர்னாஸ் பொட்டலில் சினிமாக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலத்திலிருந்து பிணங்களுக்கு இரத்தம் பூசியது நான்தான். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊர் ஆண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒருவனுக்கு நெஞ்சில் குண்டு, அடுத்தவனுக்கு நெற்றியில். வாளியும் பிரஷ்ஷுமாக ஒவ்வொருவனையும் கொன்றுகொண்டே போவேன். கை நடுங்கியதில்லை. இந்தாலோ வந்து நின்றால் மட்டும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். நெற்றியில் வைக்க வேண்டிய குண்டு மூக்கில் போய் விழும்.

"சும்மா நில்லுடா, பல்லிவாலே!"

"நான் நிக்கிறேன் ரெமே. உன் கைதான் ஆடுது."

பல்லிவால் என்பது ஊர் வைத்த பெயர். அறுத்துப் போட்டாலும் தனியே கிடந்து துடிக்குமே, அந்த ரகம். சின்ன வயதில் வாத்தியார் இவனைப் பெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிப்போட்டார். மணி அடித்ததும் பையன் பெஞ்சையும் முதுகில் சுமந்துகொண்டு சந்தைத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தான். பூசைக்குப் போனால் பிரசங்கம் முடிவதற்குள் மூன்று வரிசை மாறி உட்கார்ந்திருப்பான். பட்டாளத்தில் காவலுக்கு நிற்க வைத்தார்கள். நிற்கவில்லை. கடைசியில் கோவேறு கழுதைகளோடு சேர்த்துவிட்டார்கள், அவை இவனைப் புரிந்துகொண்டன. ஊர் திரும்பிய பிறகு மலையில் கோரை பிடுங்கினான், சுரங்கத்தில் வண்டி தள்ளினான், திராட்சைக்கு மருந்து அடித்தான். எதுவும் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை.

அப்படிப்பட்டவனை நம்பி அதோரா கழுத்தை நீட்டினாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, ஒரே சுவர்தான். ஆடு மேய்த்த வீட்டுப் பெண். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் எதிர்மலை ஆடு திரும்பிப் பார்க்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் சுவர் வழியாகத் தினம் கேட்டிருக்கிறேன்.

"கொஞ்ச நேரம் உக்காரேன், மனுசா! சாப்பாட்டையாவது உக்காந்து சாப்பிடு!"

சினிமா வந்ததும் அவனுக்குப் பிழைப்பு கிடைத்துவிட்டது. ஓடு என்றார்கள், குதிரையிலிருந்து விழு என்றார்கள், மாடியிலிருந்து உருளு என்றார்கள். இதையெல்லாம் செய்ததற்குத்தானே இவன் வாழ்நாள் முழுக்க அடி வாங்கினான்? இப்போது அதற்குக் கூலி. ஆனால் செத்து விழுந்த பிறகுதான் சிக்கல். எங்கள் படப்பிடிப்பில் ஒரு சட்டம் உண்டு. விசில் ஊதும்வரை செத்தவன் செத்தவன்தான். எறும்பு ஏறினாலும், தேள் ஊர்ந்தாலும், வயிற்றைக் கலக்கினாலும் அசையக் கூடாது. விசிலுக்கு முன்னால் எழுந்த பிணத்துக்கு அன்றைய கூலியும் கிடையாது, அடுத்த நாள் அழைப்பும் கிடையாது. விசில் இருந்தது தலைநகர் மத்ரீத்திலிருந்து வந்த ஓர் உதவி டைரக்டரிடம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதனால் அவர் பெயரே விசில் ஆகிவிட்டது. அவருக்கும் பல்லிவாலுக்கும் ஏழாம் பொருத்தம்.

பிறகு வந்தது அந்தப் படம். நாலு கூலித் துப்பாக்கிக்காரர்கள் ஒரு மெக்சிகோ கிராமத்தில் புகுந்து தங்கம் தேடுகிற கதை. மெக்சிகோ நாங்கள்தான். இந்தாலோவுக்குக் கிணற்றடியில் நிற்கிற வேலை. குறி தப்பிய குண்டு ஒன்று அவன்மேல் பாய வேண்டும். பாய்ந்தது. அவன் சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சரிந்து, நேராகக் காமிராவைப் பார்த்து, 'என்னையா சுட்டே?' என்று கேட்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உயிரை விட்டான். ரோமாபுரிக்கார டைரக்டர் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். திரையில் அந்த முகம் சுவர் அகலத்துக்கு வந்தபோது திறந்தவெளிக் கொட்டகையில் ஊரே எழுந்து நின்று கத்தியது. அந்தக் குளிர்காலம் முழுக்க மதுக்கடையில் எவனாவது ஒருவன், "எங்கே, ஒரு தடவை செத்துக் காட்டு" என்பான். இவன் கிண்ணம் வைக்கிற மேடையைப் பிடித்துச் சரிந்து தரையில் விழுவான். ஒரு கிண்ணம் சோம்புச் சாராயம் வரும். அதோரா சட்டையைத் துவைத்துத் துவைத்து ஓய்ந்தாள்.

படம் உலகமெல்லாம் ஓடியது. உடனே இரண்டாம் பாகம் எடுக்க அதே கம்பெனி அதே நாலு பேரோடு வந்து இறங்கியது. இந்த முறை, கோட்டையில் ஒரு தளபதி அடைத்துவைத்திருக்கும் நில அளவைக்காரரை அந்த நாலு பேரும் கூலி வாங்கிக்கொண்டு மீட்கிறார்கள். கிராமம் அதே கிராமம். அதாவது நாங்களே. ஊர்ச் சதுக்கத்தில் விசில் ஒரு பெட்டிமேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"முதல் பாகத்துல உசுரோட இருந்தவங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க! செத்தவங்க வீட்டுக்குப் போகலாம்!"

அன்று எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்.

"என் புருஷன் சாகலீங்க! காயம்தான்!"

"பாலத்துமேல இருந்து தலைகீழா விழுந்தானேம்மா!"

"விழுந்தாரு. விழுந்தா செத்துரணுமா? உங்க ஊர்ல அப்படியா?"

விசில் கடைசியில் இறங்கி வந்தார். முகம் தெரியாமல் செத்தவன் பிழைத்ததாக வைத்துக்கொள்ளலாம், முகம் தெரியச் செத்தவனுக்கு இடமில்லை என்றார். ஒவ்வொருவனாக உயிர் பெற்று அந்தப் பக்கம் போனான். சதுக்கத்தின் இந்தப் பக்கம் இந்தாலோ மட்டும் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றான். அவன் முகத்தைத்தான் உலகமே பார்த்துவிட்டதே.

"உன்னை யாரு அவ்வளவு அழகா சாகச் சொன்னது?" என்றாள் அதோரா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

அழுகைக்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி செரஃபின் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஸ்டுட்கார்ட்டில் பிரேக் செய்கிற தொழிற்சாலை. ஆகஸ்டு வெயிலில் கம்பளித் தொப்பி, கையில் டிரான்சிஸ்டர் பெட்டி, வெளிறிப்போன முகம். வந்தவன் மச்சானுக்கும் அங்கே ஓர் இடம் பிடித்துவைத்திருந்தான்.

"எத்தனை நாளைக்கு மச்சான் செத்துச் செத்துப் பிழைப்பே? அங்க நின்ன இடத்துல நின்னா போதும். இரும்புத் தட்டு வரும், ஓட்டை போடணும். தட்டு வரும், ஓட்டை போடணும்."

"எவ்வளவு நேரம்?"

"நாள் பூரா."

இந்தாலோ அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நின்றுகொண்டுதான். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு அன்று அவன் சாப்பிடவே இல்லை.

அதோராவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொரு குளிர்காலமும் கம்பெனி போய்விடும், வேலையும் போய்விடும். பயமில்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அன்று அவள் சொன்னது சுவர் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தா பாரு. ரெண்டாம் பாகத்துல எப்படியாவது நுழைஞ்சு, கடைசி நாள் வரைக்கும் நீ வேலையில இருந்தா, இந்த வருஷம் போக வேணாம். இவனுங்க அடுத்த படமும் இங்கதான் எடுக்கப் போறானுங்களாம். நிரந்தரமா ஆள் எடுப்பானுங்கன்னு பேச்சு. நடுவுல உன்னைத் துரத்திட்டா, செப்டம்பர்ல தம்பிகூட ரயில் ஏறணும். வாக்குக் குடு."

கொடுத்தான். இவன் உடம்பில் ஆடாமல் நிற்பது ஒன்று உண்டென்றால் அது வாக்குதான்.

மறுநாள் நான் விசிலிடம் போனேன். இந்தாலோவைப் பார்த்தால் எரிச்சல் வரும் என்று சொன்னேனே தவிர, அவனை ஓர் இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தாடி ஒட்டித் தரேன். பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. தளபதியோட ஆளா வெச்சுக்குங்க. கோட்டை வாசல்ல குப்புறப் படுத்துக் கிடக்கட்டும்."

விசில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு தடவை அந்த மூஞ்சி காமிராப் பக்கம் திரும்பிச்சு, அன்னைக்கே வெளியே. உன்னையும் சேர்த்துத்தான்."

கிடாய் ரோமத்தில் ஒரு தாடி செய்து ஒட்டினேன். அரிப்பு தாங்காமல் அவன் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தான். இப்படியாக எங்கள் ஊரின் புகழ்பெற்ற பிணம் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் விதி விளையாடியது. செரஃபின் பொழுது போகாமல் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்தான். கம்பளித் தொப்பியோடு ஓரமாக நின்றவனை ரோமாபுரிக்காரர் பார்த்தார். பார்த்தவர் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். எங்கள் ஆட்கள் எல்லாம் வெயிலில் கருத்த முகம். மாதக்கணக்கில் இருட்டறையில் கிடந்த கைதிக்கு எந்த முகம் வேண்டுமோ அந்த முகம் ஸ்டுட்கார்ட் செரஃபினிடம் இருந்தது. முதல் பாகத்தில் அவன் ஊரிலேயே இல்லை, எனவே சாகவும் இல்லை. நில அளவைக்காரர் அவன்தான் என்று முடிவாகிவிட்டது. சினிமாவைப் பார்த்துக் காறித் துப்பியவனுக்குத் திரை அகலத்துக்கு முகம், சினிமாவுக்காக உயிரையே விட்டவனுக்குப் பிடரி.

"மச்சான், இன்னைக்கு எனக்கு ரெண்டு குளோசப்பு" என்பான் செரஃபின் வேண்டுமென்றே, தக்காளி தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டு. "உனக்கு என்ன தெரியப் போகுது? முதுகா, பின்பக்கமா?"

"சிரிடா. நீ கத்துற லட்சணத்தைக் கேட்டுக் குதிரையே சிரிக்குது."

அது பொய்யில்லை. செரஃபினுக்கு நடிப்பு சுத்தமாக வராது. கோட்டைக்குள் ஒரு தூணில் கட்டப்பட்டு, தீ சூழும்போது, "காப்பாத்துங்க! எரியுது!" என்று கத்த வேண்டும். இவன் கத்தினால், 'வரும்போது ரொட்டி வாங்கிட்டு வந்துரு' என்று வீட்டுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி இருக்கும். ஒத்திகையில் திரும்பத் திரும்பக் கத்த வைத்தார்கள். இந்தாலோ வாசல் மண்ணில் குப்புறக் கிடந்து, ஒவ்வொரு கத்தலுக்கும் தோளைக் குலுக்கினான். நான் போய் இரத்தம் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அதட்டினேன்.

"ஆடாம கிடடா!"

"முடியலை ரெமே. இவன் கத்துறதைக் கேட்டா உடம்பு தானா குலுங்குது. குடல்ல இருந்து வர வேணாமா சத்தம்? இவனுக்குத் தொண்டையில இருந்துகூட வரலையே."

கோட்டையை எரிக்கிற நாள் வந்தது. கோட்டை என்றால் மெல்லிய பலகை, அதன்மேல் சாந்துப்பூச்சு. ஒரு தடவைதான் எரிக்க முடியும், இன்னொரு கோட்டை கிடையாது. எனவே மூன்று காமிரா. வாசல் முழுக்க எங்கள் ஊர்ப் பிணங்கள். எல்லோரையும் நானே கொன்று வைத்திருந்தேன். விசில் நடுவில் நின்று எச்சரித்தார். "இன்னைக்கு எவன் அசைஞ்சாலும் இனி இந்தப் பொட்டல்ல அவனுக்குச் சாவே கிடையாது, சொல்லிட்டேன்." திட்டம் எளிது. தீ வைத்ததும் நாலு துப்பாக்கிக்காரர்களும் குதிரையில் வாசல் வழியாக உள்ளே பாய்ந்து, கத்தியால் கயிற்றை அறுத்து, கைதியைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். கயிறு நிஜமாகவே இறுக்கமாக இருக்க வேண்டும் என்று ரோமாபுரிக்காரர் அடம்பிடித்தார். இருந்தது.

தீ வைத்தார்கள். காமிராக்கள் ஓடின. அதுவரை சாதுவாக இருந்த கிழக்குக் காற்று திடீரென்று கடல் பக்கமிருந்து கிளம்பி வந்தது. புகை வாசலை அடைத்தது. பாய்ந்து வந்த நாலு குதிரைகளும் வாசலில் முன்னங்காலைத் தூக்கி நின்றன, உள்ளே கால் வைக்க மறுத்தன. துப்பாக்கிக்காரர்கள் கடிவாளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே வட்டமடித்தார்கள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"காப்பாத்துங்க! எரியுது! காப்பாத்துங்க!"

சொல்லிக்கொடுத்த அதே வசனம். ரோமாபுரிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். கடைசி நிமிடத்தில் பையனுக்கு நடிப்பு வந்துவிட்டது என்று அவருக்கு ஆனந்தம். காமிராப் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் அதே நினைப்புதான். பிணங்களுக்கும் அதே நினைப்பு. இத்தனை வருடப் பழக்கம் அவர்களை மண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தது. ஒருவனும் கண் திறக்கவில்லை.

பிற்பாடு இந்தாலோ என்னிடம் சொன்னான். "செரஃபினுக்கு நடிக்க வராது ரெமே. அது உனக்கே தெரியும்ல? அன்னைக்கு அவன் நல்லா கத்தினான். குடல்ல இருந்து வந்துச்சு. உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

தெரிந்தும் அவன் உடனே எழவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். குப்புறக் கிடந்தவனின் விரல்கள் மண்ணைப் பற்றின. பிறகு உடம்பு கல்லாகிவிட்டது. ஒரு மூச்சு நேரம், அவன் பிறந்ததிலிருந்து முதல் முறையாக, துளியும் ஆடாமல் கிடந்தான். அந்த நேரத்தில் அவன் கண்முன் தட்டு வந்ததாம், ஓட்டை போட்டானாம், அடுத்த தட்டு வந்ததாம்.

எழுந்தான்.

எழுந்து மூன்று காமிராவுக்கும் குறுக்கே ஓடினான். ஒரு பக்கத் தாடி பிய்ந்து காதில் தொங்கியது. முழங்கால் மார்பில் இடிக்கிற மாதிரி ஓடுவான் அவன், கோழியைத் துரத்துகிற பையன் மாதிரி. வாசலில் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே புகுந்தான். ஓடிக்கொண்டே ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பி, "வாங்கடா! இது நெசம்!" என்று கத்தினான். அந்த முகம் முழுசாகத் தெரிந்தது.

"படு! படுடா செத்தவனே!" என்று விசில் அலறினார். பிணங்கள் அப்போதுதான் தலை தூக்கின.

உள்ளே நடந்ததை அவர்கள் இருவரும் சொல்லித்தான் தெரியும். இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கயிற்றில் வைத்தால் கத்தி வளைந்தது. ரப்பர். கம்பெனியில் அவனுக்குக் கொடுத்த எல்லாமே பொய். தூணும் பொய்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் கோட்டை கட்டுகிற கூலிவேலையில் அந்தத் தூணுக்கு ஆணி அடித்தவனே அவன்தானே! தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினான். தூண் அடியோடு பெயர்ந்தது. புகையைக் கிழித்துக்கொண்டு அவன் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். புனித வாரத்தில் சப்பரம் தூக்குகிறவன் மாதிரி குனிந்து வந்தான். முதுகில் தூண், தூணில் கட்டியபடி மைத்துனன்.

செரஃபினுக்குப் புருவம் இரண்டும் போய்விட்டது, முடியில் பாதி போய்விட்டது. இந்தாலோவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நான் உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டினேன். கோட்டை பின்னால் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தது. ரோமாபுரிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

செரஃபின் விசிலிடம் போய் நின்றான். "இவன்தான்யா... இவன்தான் என்னைக் காப்பாத்தினான்."

விசில் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காப்பாத்துறதுக்கு நாங்க நாலு பேருக்குக் கூலி குடுத்து வெச்சிருக்கோம்" என்றார். பிறகு இந்தாலோவிடம், "மூஞ்சி மூணு காமிராவுலயும் இருக்கு. கிளம்பு" என்றார்.

என்னையும் சேர்த்துத் துரத்துவார் என்று பார்த்தேன். துரத்தவில்லை. மறுநாள் இரத்தம் பூச வேறு ஆள் இல்லையே. வாளியை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு வரலாம் என்று கை துறுதுறுத்தது. அவர் காலணி வெள்ளை. கவிழ்த்தும் விட்டேன், கை தவறி என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை அதோரா அவன் கட்டுப்போட்ட கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"என் தம்பியைத் திருப்பிக் குடுத்துட்ட. அதுக்கு நான் என்ன செய்வேன்? ஆனா குளிர்காலம் வருதே, இந்தாலோ. அது நம்மளைக் கேட்டுட்டா வருது?"

"சொன்னா சொன்னதுதான்" என்றான் அவன். நீ போக வேண்டாம் என்று அவள் வாயிலிருந்து வருமா என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். வரவில்லை. செப்டம்பரில் அட்டைப் பெட்டியோடு ரயிலேறினான். ரயில் நகர்வதற்குள் அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து முடித்திருந்தான்.

அடுத்த ஆகஸ்டில் மைத்துனனும் மச்சானும் விடுமுறைக்கு வந்தார்கள். இந்தாலோவும் வெளுத்திருந்தான். அதோராவின் வீட்டில் புது அடுப்பு, ஒழுகாத கூரை. அவன் மேஜை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல் இருந்தான். பூசையில் போட்ட இடத்தில் இருந்தான். பல்லிவால் திருந்திவிட்டான் என்று ஊர் பேசியது. அதோராவும் முதல் இரண்டு நாள் பெருமையாகத்தான் இருந்தாள். அதற்கப்புறம் என் வாசலுக்கு வந்து நின்றாள். முகமே சரியில்லை.

"ரெமே, அவன் அசைய மாட்டேங்கிறான்."

"அதுதானேடி உனக்கு வேணும்?"

"படுத்தா படுத்தபடி. காலையில பார்த்தாலும் அப்படியே. போர்வைகூடக் கலையலை. எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரம்தான் இரண்டாம் பாகம் எங்கள் ஊருக்கு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்குப் போனோம். திறந்தவெளி, தரையில் சரளைக்கல், இரும்பு நாற்காலிகள், எல்லோர் மடியிலும் சூரியகாந்தி விதை. முன்வரிசையில் அதோராவுக்கு ஒரு பக்கம் இந்தாலோ, மறுபக்கம் செரஃபின், அவனுக்கு அடுத்து நான்.

கோட்டைக் காட்சி வந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு வெட்கம் என்பது கிடையாது. வேறு கோட்டை இல்லாததால் எடுத்ததை வைத்தே ஒப்பேற்றியிருந்தார்கள். நாலு குதிரைகள் பாய்கின்றன. புகை. புகைக்குள் ஓர் ஆள் ஓடுகிறான், முதுகு மட்டும் தெரிகிறது. பிறகு ஓர் ஆள் குனிந்தபடி தூணோடு கைதியைச் சுமந்து வருகிறான், முகம் புகையில் மறைந்திருக்கிறது. உடனே வெட்டி, முதல் துப்பாக்கிக்காரரின் வியர்த்த முகம். அவர்தான் காப்பாற்றினாராம்!

எங்கள் ஊரையா ஏமாற்றுவது? அந்த ஓட்டத்தைத் தெரியாதவர்கள் அங்கே யார் இருந்தார்கள்?

"பல்லிவால்! டேய், அது நம்ம பல்லிவால்!"

கொட்டகையே கொந்தளித்தது. விதைத்தோல் பறந்தது. மறுபடி போடு என்று கத்தினார்கள். படம் ஓட்டுகிறவர் நிறுத்தி, சுருளைத் திருப்பி, மறுபடி போட்டார். எல்லோரும் திரும்பி இந்தாலோவைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஆமா. நான்தான்" என்றான். அவ்வளவுதான்.

திரையில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். அதோரா திரையைப் பார்க்கவே இல்லை. அவன் பாதங்களையே பார்த்தாள்.

"காலை ஏன் இப்படி வெச்சிருக்கான்?" என்று தம்பியிடம் கேட்டாள்.

செரஃபின் தலையைக் குனிந்துகொண்டான். "மெஷின் முன்னால மஞ்சள் கோடு போட்டிருப்பாங்கக்கா. ரெண்டு காலும் அதுக்குள்ளதான் இருக்கணும். முதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டான். இப்ப நல்லா நிக்கிறான். மேஸ்திரியே பாராட்டினாரு." பிறகு, "அவன் என்னைத் தூணோட தூக்கிட்டு வந்தான். எனக்கு அவனைத் தூக்கத் தெரியலைக்கா" என்றான்.

அதோரா எழுந்தாள். கணவனுக்கு எதிரே போய்த் திரைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். நான் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்த விசில் இருக்கிறதே, மலையில் எதிரொலித்துத் திரும்பி வந்தது. கொட்டகை முழுக்க நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஊரின் பழைய பிணங்கள் எல்லாம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், காற்சட்டையில் இல்லாத மண்ணைத் தட்டியபடி. பழக்கம்! தாங்கள் ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியாக இந்தாலோ எழுந்தான். அவன் சிரிக்கவில்லை.

"முடிஞ்சுபோச்சு" என்றாள் அதோரா, அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்து. "விசில் ஊதியாச்சு. இனி நீ போக வேணாம். கூரை ஒழுகினா ஒழுகட்டும்."

அவன் மறுபடி உட்கார்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குதிகால் தூக்கியது. பிறகு முழங்கால். பிறகு நாற்காலியே சரளைக்கல்லில் கறகறவென்று ஆடத் தொடங்கியது. பின்வரிசையில் இருந்த மளிகைக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய் பல்லிவாலே, சும்மா உக்கார மாட்டியா? வசனம் கேக்கலை!"

அதோரா திரும்பிப் பார்த்தாள். "வாயை மூடுடி" என்றாள். "ஆடட்டும்."

செப்டம்பரில் செரஃபின் தனியாகத்தான் ரயிலேறினான்.